கன்று ஊட்டும் மாட்டில் மடிக் கோளாறு: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

கறவை மாட்டின் மடியில் நாளுக்கு இரண்டு வேளை மனிதக் கை படுகிறது. பாலில் ஒரு திரி (நூல் போன்ற கட்டி) தெரிந்தாலும், ஒரு காம்பு சூடாக இருந்தாலும் கறப்பவருக்கு அன்றைக்கே தெரிந்துவிடும். இறைச்சிக்காகக் கன்று எடுக்க வளர்க்கும் தாய்மாட்டுக்கு அந்த வசதி கிடையாது. ஈன்ற நாள் தொடங்கிக் கன்றைப் பிரிக்கும் நாள்வரை அந்த மடியைத் தொடுவது கன்றின் வாய் மட்டும்தான். நம் கண்ணில் படும்போது கோளாறு பெரும்பாலும் பழசாகியிருக்கும். அதனால் இந்த வகை மாட்டில் மடிக்கு முன் கன்றைப் பார்க்க வேண்டும். கன்றின் வயிறு, அதன் நெற்றி, அது எந்தக் காம்புக்குப் போகிறது, எதை ஒதுக்குகிறது என்பதையெல்லாம் கவனித்தால் பாதி நோய் தெரிந்துவிடும்.

பார்க்கும் முறை

மடி ஒரே பை இல்லை. நான்கு தனித்தனிக் கூறுகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு காம்பு. ஒரு கூறின் பால் அடுத்த கூறுக்குப் போகாது. ஆகவே எந்தக் காம்பு என்று குறித்துக்கொள்ளாமல் ‘மாட்டுக்கு மடி சரியில்லை’ என்று மட்டும் டாக்டரிடம் சொல்வதில் பயன் குறைவு.

கன்று குடித்து முடித்த கையோடு, பின்னாலிருந்து ஒருமுறையும் பக்கவாட்டில் ஒருமுறையும் பாருங்கள். குடித்த காம்பு ஈரமாக, சுத்தமாக, சற்றுத் துவண்டிருக்கும். கன்று தொடாத காம்பு விறைத்து, தோல் இழுபட்டுப் பளபளக்கும். நுனியில் மண்ணோ சாணியோ காய்ந்து ஒட்டியிருக்கும். இதைத் தூரத்திலிருந்தே பார்க்கலாம். கையில் ஒரு பைனாகுலர் இருந்தால் மாட்டைக் கலைக்காமல் வேலை முடிந்துவிடும்.

தொட்டுப் பார்க்க வேண்டிய நிலை வந்தால் கூண்டில் அடைத்தோ, தலையைக் கட்டிப் பின்னங்காலுக்கு அணைகயிறு போட்டோதான் பார்க்க வேண்டும். ஈன்ற மாடு எத்தனை சாதுவானாலும் கன்றின் பக்கத்தில் ஆள் வந்தால் முட்ட வரும். மாட்டின் உதை பின்னால் மட்டும் போகாது, முன்னோக்கியும் பக்கவாட்டிலும் சுழன்று வரும். விலகி ஓட வழி வைத்துக்கொள்ளாமல் குனியாதீர்கள்.

ஈன்று மூன்று நான்கு மணி நேரமாகியும் கன்று குடிக்கவில்லை

நல்ல கன்று ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் எழுந்து காம்பைத் தேட ஆரம்பித்துவிடும். தேடவே இல்லையென்றால் கோளாறு கன்றில். தேடியும் கிடைக்கவில்லையென்றால் கோளாறு மடியில். முதலில் இதைப் பிரித்துக்கொள்ளுங்கள். சுத்தமான விரலைக் கன்றின் வாயில் விடுங்கள். வாய் வெதுவெதுப்பாக இருந்து விரலை இழுத்துச் சப்பினால் கன்று சரியாக இருக்கிறது. வாய் சில்லிட்டு, சப்பும் ஆசையே இல்லையென்றால் முதலில் உலரத் துடைத்து உடம்பைச் சூடேற்ற வேண்டும். பிறகுதான் பால்.

கன்று சரி என்றால் மடிக்கு வாருங்கள். காம்பு பருத்துக் கன்றின் வாயில் அடங்காமல் இருக்கிறதா? வயதான மாடுகளில் இது சாதாரணம். காம்பே பால் கோத்து உருண்டு திரண்டிருக்கும். கன்று நக்கும், முட்டும், நுனியைக் கவ்வப் பார்க்கும், வழுக்கிவிடும். அந்தக் காம்பைக் கையால் பீய்ச்சிப் பாதி இறக்கிவிட்டால் பல கன்றுகள் அப்போதே கவ்விக்கொள்ளும். முதல் சில நாட்கள் இதைத் திரும்பச் செய்ய வேண்டியிருக்கும். கன்று வளர்ந்து வயிறும் பெரிதானால் காம்பை அதுவே காலி செய்து அளவில் வைத்துக்கொள்ளும்.

மடி தொங்குவது இன்னொரு காரணம். கன்று இயல்பிலேயே தலையை உயர்த்தித்தான் காம்பைத் தேடும். மடி முழங்காலுக்குக் கீழே இறங்கியிருந்தால், அது தாயின் முன்னங்கால் இடுக்கிலும் மார்புச் சதையிலும் மூக்கைத் தேய்த்துக்கொண்டே களைத்துப் படுத்துவிடும். இந்தக் கன்றின் தலையைத் தாழ்த்திக் காம்பை வாயில் கொடுத்து ஒருமுறை குடிக்க வைத்துவிட்டால் போதும், இடத்தைப் பிடித்துக்கொள்ளும்.

மூன்றாவது, காம்பு அடைப்பு. ஈனும்வரை காம்புத் துளையை மெழுகு போன்ற ஒரு பொருள் அடைத்துப் பாதுகாக்கும். ஒவ்வொரு காம்பிலும் இரண்டு மூன்று பீய்ச்சு பீய்ச்சினால் அது சின்ன முளையாக வெளியே விழும். பின்னாலேயே தடித்த மஞ்சள் சீம்பால் வரும். கன்று பலவீனமாக இருந்தால் அந்த அடைப்பை அதனால் உடைக்க முடியாது. நாலு காம்பையும் ஒருதரம் பீய்ச்சிப் பார்ப்பது தலையீத்து (முதல் கன்று ஈன்ற) மாட்டுக்கு எப்போதும் நல்லது. எந்தக் காம்பு செத்தது என்று தெரிந்துகொள்ளவும் அதுதான் நேரம்.

இவற்றில் எதற்காகவும் சீம்பாலைத் தள்ளிப்போடக் கூடாது. கன்று பிறக்கும்போது அதன் ரத்தத்தில் நோய் எதிர்ப்பு அநேகமாக இல்லை. சீம்பாலிலுள்ள எதிர்ப்புப் பொருளைக் குடல் உறிஞ்சும் திறன் மணிக்கு மணி குறைந்து, 24 மணி நேரத்தில் கிட்டத்தட்ட மூடிவிடும். முதல் ஆறு மணி நேரம்தான் பொன்னான நேரம். உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு என்று கணக்கு வையுங்கள்: 30 கிலோ கன்றுக்கு 3 லிட்டர். தாயிடம் கறந்து புட்டியில் கொடுங்கள். கன்று சப்பவில்லையென்றால் உணவுக்குழாய்க்குள் ஒரு குழாய் விட்டு அதன் வழியாக ஊற்ற வேண்டும். குழாய் மூச்சுக்குழலுக்குள் போய்விட்டால் கன்று செத்துவிடும் என்பதால் பழகியவர் கையால்தான் அதைச் செய்ய வேண்டும். உறைய வைத்த சீம்பால் கையிருப்பில் இருந்தால் வெதுவெதுப்பான நீரில் வைத்து உருக்குங்கள். கொதிநீரில் போட்டால் எதிர்ப்புப் பொருள் வெந்துபோய் வெறும் பாலாகிவிடும்.

கன்று ஓயாமல் முட்டுகிறது, வயிறு நிரம்பவில்லை

நிறையக் குடித்த கன்று படுத்துத் தூங்கும். குடித்துவிட்டும் கத்துகிற கன்று, ஒரு காம்பில் நாலு இழுப்பு இழுத்து அடுத்ததற்குத் தாவி மறுபடி முதலாவதற்கே வரும் கன்று, விலா தெரிந்து வயிறு ஒட்டிய கன்று: இவை பால் போதாமல் கிடக்கின்றன. நெற்றியில் சாணி அப்பியிருந்தால் அது வேறொரு மாட்டின் பின்னங்கால்களுக்கு நடுவே தலையை விட்டுத் திருடிக் குடிக்கிறது என்று பொருள். திருடும் கன்றைத் திட்டிப் பயனில்லை, அதன் தாயைப் பிடித்துப் பாருங்கள்.

நாலு காம்பையும் பீய்ச்சிப் பாருங்கள். ஒன்றிரண்டில் எதுவுமே வராமல், மடியின் அந்தப் பகுதி சின்னதாக, உள்ளே கெட்டியாக இருந்தால் பழைய மடிநோயில் (கிருமி புகுந்து மடி அழலும் நோய்) செத்த காம்பு. அதற்கு மருந்து கிடையாது. அந்த ஈத்தில் அது திரும்பாது. ஒரு காம்பு போன மாடு கன்றை ஓரளவு காப்பாற்றிவிடும். இரண்டு போனால் கன்றின் எடையில் தெரியும், கூடுதல் தீனியோ புட்டிப்பாலோ இல்லாமல் தேறாது.

நாலும் வேலை செய்து, நாலிலும் பால் குறைவு என்றால் மடியை விட்டுவிட்டு மாட்டைப் பாருங்கள். ஈனும் முன்பே எலும்பு தெரியும் அளவுக்கு மெலிந்த மாட்டுக்கும், தண்ணீர் போதாத மாட்டுக்கும், காய்ச்சலில் கிடக்கும் மாட்டுக்கும் பால் வராது. நன்றாக ஊட்டிக்கொண்டிருந்த மாட்டின் மடி திடீரென்று நாலு கூறிலும் ஒரேயடியாகத் துவண்டு, பால் மஞ்சளித்துத் தடித்தோ ரத்தச் சாயலுடனோ வந்தால் எலிக்காய்ச்சல் கிருமியை நினைக்க வேண்டும். மந்தையில் கன்று வீச்சும் (கரு கலைதல்) சேர்ந்து நடந்தால் சந்தேகம் இன்னும் வலுவாகிறது. அது மனிதருக்கும் தொற்றும். கையுறை இல்லாமல் தொடாதீர்கள், ரத்தப் பரிசோதனைக்கு டாக்டரைக் கூப்பிடுங்கள்.

பெரும்பாலும் தலையீத்துக் கிடேரியில் வரும் இன்னொரு நிலை உண்டு. மடி நிறையப் பால் இருக்கும், ஆனால் இறங்காது. பயமும் வலியும் பால் இறங்குவதை அடக்கிவிடும். நாய், கூச்சல், புதிய ஆள் எல்லாவற்றையும் விலக்கித் தாயையும் கன்றையும் ஒரு சின்ன அடைப்பில் தனியே விட்டால் பெரும்பாலும் தானே சரியாகும். ஆகாவிட்டால் டாக்டர் ஆக்சிடோசின் ஊசி போட்டு ஒருமுறை இறக்கிக் கொடுப்பார். அதை நீங்களே வாங்கித் தினமும் போடும் வேலை வேண்டாம்.

மடியில் ஒரு பக்கம் மட்டும் பெருத்திருக்கிறது

அதிகம் குழப்புவது இதுதான். எல்லா வீக்கமும் மடிநோய் இல்லை. பால் அதிகம் சுரக்கும் மாட்டுக்குப் பிறந்த சின்னக் கன்று முதல் வாரம் தனக்குப் பிடித்த ஒன்றிரண்டு காம்பிலேயே நிறைந்துவிடும். மீதிக் கூறுகள் புடைத்து நிற்கும். அது வெறும் நிறைவா, நோயா என்று பிரிக்கக் கை வைத்தாக வேண்டும்.

உள்ளங்கையை வீங்கிய கூறிலும், உடனே எதிர்ப்பக்கக் கூறிலும் வையுங்கள். வெறும் நிறைவில் சூடு இரண்டிலும் ஒன்றாக இருக்கும், எங்கு அமுக்கினாலும் ஒரே சீரான விறைப்பு தெரியும், மாடு பெரிதாக எதிர்க்காது. மடிநோயில் அந்தக் கூறு சுடும், உள்ளே கட்டி கட்டியாகத் தட்டுப்படும், கை பட்டதும் காலைத் தூக்கும். பிறகு கறுப்பு நிறத் தட்டிலோ கறுப்புத் துணியிலோ பீய்ச்சுங்கள். வெள்ளைப் பாத்திரத்தில் திரி தெரியாது. திரிதிரியாக, தயிர்க்கட்டி போல, நீர்த்து, சீழ் போல, ரத்தம் கலந்து என்று எந்த வகையில் மாறியிருந்தாலும் மடிநோய்தான். பால் பார்க்கச் சுத்தமாக இருந்தும் சந்தேகம் தீராவிட்டால் சோப்புக் கரைசலைக் கலந்து பார்க்கும் கலிஃபோர்னியா சோதனை இருக்கிறது: பால் கூழாகத் திரண்டால் அந்தக் கூறில் அழற்சி. ஆனால் ஈன்ற முதல் சில நாட்களில் நல்ல சீம்பாலே திரண்டு ஏமாற்றும். அப்போது நாலு காம்பையும் சோதித்து, ஒன்று மட்டும் மற்ற மூன்றைவிட அதிகம் திரள்கிறதா என்று ஒப்பிடுங்கள்.

நோய் என்று முடிவானால் அந்தக் கூறை நாளுக்குப் பலமுறை பீய்ச்சிக் காலி செய்வதும் வலி குறைய டாக்டர் தரும் ஊசியும் முதல் உதவி. கிருமிக்கு எந்த மருந்து என்பதை மருந்து தொடங்கும் முன் எடுத்த பால் மாதிரி சொல்லும். காம்பு நுனியை ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் துடைத்து, முதல் சில பீய்ச்சை விட்டுவிட்டு, கிருமி நீக்கிய குப்பியில் பிடித்தால்தான் மாதிரி உதவும். காம்புக்குள் ஏற்றும் குழாய் மருந்து கறவை மாட்டுக்கு ஒத்துவரும்; கன்று ஊட்டும் மாட்டில் அரை மணியில் கன்று அதை உறிஞ்சிவிடும். மருந்து தங்கும் நேரத்துக்குக் கன்றைப் பிரித்து வைக்க வேண்டும், இல்லையேல் ஊசி வழியாகக் கொடுக்க வேண்டும். எந்த வழியானாலும் இறைச்சிக்கு விற்கக் கூடாத நாட்கள் தாய்க்கு மட்டும் இல்லை, அந்தப் பாலைக் குடித்த கன்றுக்கும் உண்டா என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். இதை மறப்பவர்கள் அதிகம்.

கன்று கெட்ட பாலைக் குடித்துச் செத்துவிடுமோ என்று பயப்படுபவர்கள் உண்டு. மடிநோய்ப் பால் உப்புக் கரிக்கும், தாயும் உதைக்கும், கன்று தானே விலகிவிடும். அதற்கு ஆபத்து நோயைவிடப் பட்டினியால்தான். ஆகவே தாய்க்கு மருந்து ஓடும் நாட்களில் கன்றின் வயிற்றைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சூடோ வலியோ இல்லாமல், மடிக்குள் கோலிக்குண்டு அளவில் கட்டிகள் தங்கி, அவ்வப்போது திரி வந்து போகிறதென்றால் அது நாள்பட்ட நோய். பெரும்பாலும் ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸ் கிருமி. மடித்தசைக்குள் அது தன்னைச் சுற்றிச் சுவர் கட்டிக்கொள்வதால் மருந்து எட்டுவதில்லை. அந்த மாட்டில் மேலும் பணம் போடுவதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

கூறு நிறையப் பால் இருந்தும் பீய்ச்சினால் வராமல், காம்பின் நடுவே உருட்டினால் ஒரு கயிறோ பட்டாணியோ தட்டுப்பட்டால் காம்புக்குள் அடைப்பு. இங்கேதான் ஈர்க்குச்சி, கம்பி, ரீஃபில் என்று கையில் கிடைத்ததை உள்ளே விட்டுக் குத்தும் பழக்கம் காம்பைக் கொல்கிறது. துளையின் உள்தோல் ஒருமுறை கிழிந்தால் ஆறும்போது இன்னும் குறுகும், கிருமியும் கூடவே போகும். அதற்கான கருவி டாக்டரிடம் உண்டு, அவர் செய்யட்டும்.

மாடு எழவில்லை, மடி சில்லிட்டிருக்கிறது

படிப்பதை நிறுத்திவிட்டு டாக்டரைக் கூப்பிடுங்கள். மடியில் பெருகிய கிருமியின் நஞ்சு ரத்தத்தில் கலந்திருக்கிறது. பால் வெளிர் மஞ்சள் தண்ணீராக வரும், கண் குழி விழும், காது சில்லிடும், மாடு தீனி எடுக்காது. நல்ல மாட்டின் உடல் சூடு சுமார் 38.5 டிகிரி செல்சியஸ். இந்த நோயில் முதலில் 40-ஐத் தாண்டி, பிறகு இயல்புக்கும் கீழே இறங்கும். சூடு இறங்கியதைத் தேறுதல் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஈன்ற புதிதில் எழாத மாட்டையெல்லாம் சுண்ணாம்புச் சத்துக் குறைவு என்று நினைத்துக் கால்சியம் ஏற்றச் சொல்வதும் ஆபத்து. நஞ்சேறிய மாட்டின் இதயம் அதைத் தாங்காமல் போகலாம். படுத்திருக்கும் எந்த மாட்டிலும் முதலில் நாலு காம்பையும் பீய்ச்சிப் பாருங்கள்.

கூறு நீலம் பாய்ந்து, தொட்டால் குளிர்ந்து, வலி உணர்வே இல்லாமல் இருந்தால் தசை அழுகிவிட்டது. உயிர் பிழைத்தால் அந்தக் கூறு சில வாரங்களில் உரிந்து விழும், ஈ மொய்த்துப் புழு வைக்கும். கன்றை உடனே பிரித்துப் புட்டிக்கோ வேறு தாய்க்கோ மாற்றுங்கள்.

ஈனும் முன்பே மடி முழுக்க வீக்கம்

கிடேரியில் தலையீத்துக்கு ஒன்றிரண்டு வாரம் முன்பு மடியும் வயிற்றின் அடிப்பகுதியும் வீங்குவது பெரும்பாலும் நீர்க்கோப்பு. விரலால் பத்து நொடி அழுத்தி எடுங்கள். பிசைந்த மாவில் போலப் பள்ளம் நின்றால் நீர்தான். சூடு இருக்காது, நாலு கூறும் ஒன்றுபோல் இருக்கும். ஈன்று சில நாட்களில் வடியும். நடக்க விடுங்கள், உப்பு அதிகம் கொடுக்காதீர்கள். காம்பே தோலுக்குள் புதைந்து கன்றால் கவ்வ முடியாத அளவுக்கு வீங்கினால் மட்டும் மருந்து தேவைப்படும்.

ஆனால் ஈனாத கிடேரியிலோ பால் வற்றிய மாட்டிலோ ஒரு காம்பு மட்டும் வீங்கிச் சுட்டு, பீய்ச்சினால் நாற்றமடிக்கும் கெட்டிச் சீழ் வந்தால் அது ஈ பரப்பும் மடிநோய். ஈக்கள் காம்பு நுனியில் உட்கார்ந்து அங்கிருந்த புண் வழியாகக் கிருமியை ஏற்றிவிடும். ஒற்றைக் காலை வெட்டி நடப்பதும், மந்தையை விட்டு ஒதுங்குவதும் முதல் அடையாளம். அந்தக் கூறு அநேகமாகப் போனதுதான். மாட்டையும் வயிற்றுக் கன்றையும் காப்பாற்றவே மருத்துவம். ஈ பெருகும் பருவத்தில் ஈ விரட்டி மருந்துதான் தடுப்பு. ஒன்றையொன்று சப்பும் பழக்கமுள்ள இளங்கிடேரிகளைப் பிரித்து வையுங்கள். பின்னால் ஈனும்போது காம்பு செத்திருப்பதற்கு அந்தச் சப்பலும் ஒரு காரணம்.

பாலில் ரத்தம்

ஈன்ற முதல் வாரம், நாலு காம்பிலும் இளஞ்சிவப்புச் சாயல், திரி இல்லை, சூடு இல்லை, மாடு நன்றாகத் தின்கிறது: மடியின் நுண்ணிய ரத்தக்குழாய்கள் வீக்கத்தில் கசிந்திருக்கின்றன. கன்று குடிக்கலாம், சில நாளில் தெளியும். ஒரே காம்பில் மட்டும் வந்தால் அடிபட்டதா என்று பாருங்கள். ரத்தம் கட்டி கட்டியாக வந்தாலோ, ஒரு வாரம் தாண்டினாலோ டாக்டர் பார்க்க வேண்டும்.

கன்று வாய் வைத்தால் தாய் உதைக்கிறது

நேற்றுவரை நின்று ஊட்டிய மாடு இன்று உதைத்தால் காம்பில் வலி இருக்கிறது. கன்றின் பல்லால் கீறல், சேறு காய்ந்து வெடிப்பு, வெயிலில் கருகிய தோல் என்றால் கழுவித் துடைத்து மடிக்குப் பூசும் களிம்பு இரண்டு வேளை போட்டால் ஆறும். நிறமில்லாத வெளுத்த காம்புகளில்தான் வெயில் புண் வரும். வெள்ளைத் தோல் மட்டும் உடம்பெங்கும் உரிந்தால் அது வெறும் வெயில் இல்லை. ஈரலைக் கெடுக்கும் ஏதோ ஒரு செடியைத் தின்றிருக்கலாம்.

பாலுண்ணி இளம் மாடுகளில் வரும், பல மாதங்களில் தானே உதிரும். நுனித் துளையை அடைத்தால் ஒழிய அறுக்கத் தேவையில்லை. குதிரை லாட வடிவில் பொருக்குக் கட்டும் புண் போலி மாட்டம்மை. கறப்பவர் கைக்கும் ஒட்டிக்கொள்ளும்.

நீர்க்கொப்புளம் என்றால் அலட்சியம் கூடாது. காம்பில் கொப்புளம் கண்டதும் மாட்டின் வாயையும் குளம்பிடுக்கையும் பாருங்கள். எச்சில் நூலாக வடிந்து நொண்டினால் கோமாரியாக (கால்-வாய் நோய்) இருக்கலாம். மாட்டையும் ஆளையும் வண்டியையும் அங்கேயே நிறுத்திக் கால்நடைத் துறைக்குச் சொல்ல வேண்டும். உடம்பெங்கும் கெட்டியான முடிச்சுகளுடன் காய்ச்சலும் இருந்தால் தோல் கழலை நோய், அதற்கும் இதே விதி.

காம்பு கிழிந்தது, பக்கவாட்டில் பால் ஒழுகுகிறது

முள்கம்பியிலோ தன் குளம்பிலோ கிழிந்த காம்பு அன்றைக்கே தைத்தால்தான் ஒட்டும். கழுவி, சுத்தமான துணி சுற்றி, கன்றைத் தள்ளி வைத்து டாக்டருக்காகக் காத்திருங்கள். பொடி எதுவும் தூவாதீர்கள். கிழிசல் ஆறி ஓட்டையாக நின்றுவிட்டதென்றால் அவசரமில்லை. பால் வற்றிய பிறகு அறுவை செய்தால் நன்றாக ஒட்டும்.

கன்றைப் பிரித்த பின் மடி கல்லாகிவிட்டது

பிரித்த மறுநாளிலிருந்து சில நாட்கள் மடி புடைத்து, மாடு கத்திக்கொண்டு அகலக் கால் வைத்து நடக்கும். இது இயல்பு. உள்ளழுத்தம்தான் சுரப்பை நிறுத்துகிறது. இரக்கப்பட்டுப் பீய்ச்சிவிட்டால் மறுபடி சுரந்து நாட்கள் நீளும். தீனியைக் குறைத்துத் தண்ணீர் தாராளமாக வையுங்கள், சேறில்லாத இடத்தில் படுக்க விடுங்கள். ஒரு வாரத்தில் நாலும் ஒன்றுபோல் சுருங்க வேண்டும். ஒன்று மட்டும் சுருங்காமல் சுட்டால் மேலே சொன்ன ஒருபக்க வீக்கத்தின் வழிமுறைக்குத் திரும்புங்கள்.

எதை வைத்துக்கொள்வது, எதை விற்பது

மடியின் தொங்கலுக்கும் காம்பின் அளவுக்கும் 1 முதல் 9 வரை தனித்தனி மதிப்பெண் போடும் முறை இறைச்சி மாட்டு வளர்ப்பில் புழங்குகிறது. 9 என்றால் வயிற்றோடு ஒட்டிய மடி, மிகச் சிறிய காம்பு. 1 என்றால் மிகவும் தொங்கிய மடி, புட்டி போன்ற காம்பு. ஈன்ற 24 மணி நேரத்துக்குள், நாலில் மோசமான கூறைப் பார்த்துப் போட வேண்டும். மாதம் கழித்துப் பார்த்தால் எல்லா மடியும் நல்ல மடியாகத் தெரியும். காது எண்ணுடன் அன்றே எழுதி வையுங்கள். வயதாக ஆக மதிப்பெண் இறங்கத்தான் செய்யும். ஆண்டுதோறும் கன்றைப் பிடித்து ஊட்டிவிட வேண்டிய மாட்டை அடுத்த ஈத்துக்கு வைக்காதீர்கள். இந்தக் குணங்கள் ஓரளவு வம்சத்தில் இறங்குபவை என்பதால் அதன் கிடேரிக் கன்றையும் விருத்திக்கு எடுக்காதீர்கள். பொலிகாளை வாங்கும்போது காளையின் முதுகையும் தொடையையும் பார்த்து முடித்த பிறகு அதன் தாயின் மடியையும் காட்டச் சொல்லுங்கள். ஒரே பருவத்தில் முப்பது கிடேரிகளுக்கு மடியைக் கொடுக்கப் போவது அந்தக் காளைதான்.